குழந்தை ஞானஸ்நானம் செல்லும்

"குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல. விசுவாசித்து முழுகினால்தான் செல்லும்." கணியம்பாடிப் பக்கம் எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போட்டால் ஒலிபெருக்கியில் இந்த வசனம் வராமல் இருக்காது. பல வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆயுள் முழுக்க ஆலயத்தில் முழங்காலிட்ட பாட்டியிடம், "அம்மா, நீங்க இன்னும் ஞானஸ்நானம் எடுக்கலையே" என்று சொல்ல இந்தக் கூட்டப் பிரசங்கிகளுக்கு எப்படித் துணிவு வருகிறது? 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் காலம் முதல் இன்றைய சி.எஸ்.ஐ. வேலூர் பேராயம் வரை, இந்த மண்ணில் தாயின் மடியிலேயே ஞானஸ்நானம் பெற்ற அத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளுகிறார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, "வேதத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை" என்கிறார்கள். லீதியாளின் வீட்டார், பிலிப்பி சிறைச்சாலைக்காரனின் வீட்டார், ஸ்தேவானின் வீட்டார் என்று குடும்பம் குடும்பமாகப் பெற்றார்களே, அந்த வீடுகளில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை என்று யார் சொன்னது? வாக்குத்தத்தம் பிள்ளைகளுக்கும் உண்டு என்று பேதுரு சொன்னதை (அப். 2:39) மேடையில் ஏன் வாசிப்பதில்லை?

இரண்டாவது, "முழுகாவிட்டால் செல்லாது." திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான 'டிடாக்கே', ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. நம் கணியம்பாடி ஒன்றியத்து நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைப் பெண்கள் செறிவூட்டும் கிணறுகள் வெட்டிய பிறகுதான் அது மீண்டது. ஆறு வறண்ட வருடங்களில் கிருபையும் வறண்டிருந்ததா?

மூன்றாவதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம்: "குழந்தைக்கு என்ன புரியும்?"

கணியம்பாடியிலிருந்து வேலூர் போகும் வழியில் பாகாயம். அங்கே 1957-இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக 'நம்பிக்கை நிலையம்' இருக்கிறது. பெற்றோர் பிள்ளையோடு வந்து பயிற்சி பெறுகிறார்கள். அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்க்கலாம், புரிந்தால்தான் ஞானஸ்நானம் என்று. இருபது வயதானாலும் விசுவாச அறிக்கை சொல்ல வராத பிள்ளைக்கு உங்கள் ஞானஸ்நானத் தொட்டியில் இடம் உண்டா, இல்லையா? இல்லை என்றால், கிறிஸ்துவின் சரீரத்தில் அவனுக்கு இடமில்லை என்று ஒலிபெருக்கியிலேயே அறிவியுங்கள். உண்டு என்றால், உங்கள் நிபந்தனை அங்கேயே விழுந்தது. அப்புறம் ஆறு மாதக் குழந்தையை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்? மறதி நோய் வந்து ஆண்டவர் பெயரே நினைவில் இல்லாத மூதாட்டியின் ஞானஸ்நானம் காலாவதியாகிவிடுமா? எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற ஈசாக்குக்கு என்ன புரிந்தது? கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவன் பாவங்களை மன்னித்தார் (மாற்கு 2). பிள்ளையைத் தூக்கிவரும் தாய் தகப்பனின் விசுவாசத்தை மட்டும் அவர் பார்க்க மாட்டாரா?

நான்காவது, "மறுபடியும் எடுங்கள்." ஞானஸ்நானம் ஒன்றே என்று பவுல் எழுதிவிட்டார் (எபே. 4:5). திரித்துவத்தின் பெயரால் பெற்றவருக்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை என்று 314-இலேயே ஆர்ல்ஸ் சங்கம் தீர்த்துவிட்டது.

நாம் கேட்கும் முன்பே தேவன் நம்மைத் தம் பிள்ளை என்று சொல்வதே ஞானஸ்நானம். அதை மனிதனின் தேர்ச்சிச் சான்றிதழாக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. பெற்றோரே, அன்று பிள்ளைக்காகக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள். ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா என்று யாராவது கேட்டால், எடுத்தாயிற்று என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.