அக்கரைக்கு மனுப் போடுமுன் போட வேண்டிய கணக்கு

சாந்தோமில் கடற்கரையை ஒட்டி வாழும் குடும்பங்களில், பிள்ளையையோ பெண்ணையோ அயல் நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தபாலையும் தொலைபேசியையும் எதிர்பார்த்திருப்பவை எத்தனையோ உண்டு. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கடல் வழியே வந்து கோயில் கட்டிய இடம் இது. இன்று இங்கிருந்து போகிறவர்கள் கதைதான் பெரிது. போவதற்கு என்ன செலவாகும் என்று கேட்டால், மனுக் கட்டணத்தையும் விமான டிக்கெட்டையும் சொல்லி நிறுத்திக் கொள்வார்கள். ஆனால் பல குடும்பங்கள் திண்டாடுவது அந்த இரண்டினாலும் அல்ல.

கனடாவையே எடுத்துக் கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம், தொழில் திறமையின் பேரில் நிரந்தரமாகக் குடியேற மனுச் செய்கிறது. 2024 ஏப்ரல் 30-ந் தேதி விதிக்கப்பட்ட விகிதப்படி, பெரியவர் ஒருவருக்கு மனுக் கட்டணம் 950 டாலர், குடியுரிமைக் கட்டணமல்ல, நிரந்தர வாச உரிமைக் கட்டணம் 575 டாலர். குழந்தைக்கு 260 டாலர். கைரேகைக்குக் குடும்பம் முழுவதற்கும் 170. ஆக மொத்தம் 3,740 கனடா டாலர். டாலருக்கு 62 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ரூ. 2,31,880. 2020, 2022, 2024 என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கட்டணங்களை உயர்த்தி வந்திருக்கிறார்கள். ஆகையால் மனுச் செய்யும் நாளின் விகிதத்தைப் பார்க்காமல் பணம் ஒதுக்குவது வீண்.

மனு தள்ளுபடியானால் 575 டாலர் மட்டும் திரும்பி வரும். பரிசீலனை தொடங்கிய பிறகு 950 வராது.

இதற்கு முன்பே சில்லறைச் செலவுகள் ஆரம்பமாகிவிடும். ஆங்கிலப் பரீட்சைக்குத் தலைக்குப் பதினேழு பதினெட்டாயிரம் ரூபாய். சர்வகலாசாலைப் பட்டத்தை மதிப்பிட்டு வாங்க இருநூறு டாலருக்கு மேல். போலீஸ் நற்சான்றுக்கு ஆளுக்கு 500 ரூபாய். பிறகு வைத்திய பரிசோதனை. சில்லறை என்று சொன்னாலும் இவற்றுக்கு ஆயுள் உண்டு. பரீட்சை மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும், பட்ட மதிப்பீடு ஐந்து வருஷம். அழைப்பு வருவதற்குள் கெடு முடிந்தால் மறுபடியும் பணம் கட்டத்தான் வேண்டும்.

உண்மையான பாரம் வேறு. அங்கே போய் இறங்கியதும் பிழைக்கக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜூலையில் நிர்ணயித்தபடி நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 28,362 டாலர், அதாவது சுமார் பதினேழரை லட்சம் ரூபாய். கனடாவில் முறையாக வேலை பார்த்துக் கொண்டே, அங்கு உத்தியோக உத்தரவும் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். மயிலாப்பூரிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் புதிதாகப் போகிறவர்களுக்கு வேண்டும். பாட்டன் கட்டிய வீடு கோடி பெறலாம். அது இந்தக் கணக்கில் சேராது. கடன் வாங்கிய பணமும் சேராது.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. கல்யாணமானாலும் கல்லூரியானாலும் நகையை அடகு வைத்துச் சமாளித்துப் பழகிய குடும்பங்கள், இதையும் அப்படியே சமாளிக்கப் பார்க்கின்றன. ஒரு வாரத்துக்குப் பணத்தைப் பாங்கியில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் தரகர்களுக்கும் குறைவில்லை. ஆனால் பாங்கி தர வேண்டிய கடிதத்தில் இன்றைய இருப்பு மட்டுமல்ல, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும், பாக்கி நிற்கும் கடன்களும் இருக்க வேண்டும் என்கிறது கனடா சர்க்கார். பொய்த் தகவல் தந்ததாகத் தீர்ப்பானால் ஐந்து வருஷம் வாசல் அடைபடும். யோசனை சொன்ன தரகருக்கு ஒன்றும் ஆகாது.

அழைப்பு வந்தபின் மனுவைப் பூர்த்தி செய்யக் கிடைப்பது 60 நாள். கேட்பதோ ஆறு மாதத்துச் சராசரி. ஆகவே பெயர் பதிவு செய்வதற்கு முன்பே பணம் பாங்கியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நகையை விற்றே தீர வேண்டுமானால் அதை முதலில் விற்று, ரசீதைப் பத்திரப்படுத்திக் கொள்வது நல்லது.

அந்தக் காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போனபோது கதை தலைகீழ். 1907-ல் அங்கே ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் கூலி அதிலிருந்து போயிற்று. கூப்பிட்டவன் செலவு செய்தான், போனவன் உடம்பால் அடைத்தான். இப்போது போகிறவனே முன்பணம் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அனுமதி கிடைத்தபின் அந்தப் பதினேழரை லட்சத்தை அனுப்பும்போது இன்னொரு பிடித்தம் காத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஒருவர் ஒரு நிதி வருஷத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி வெளிநாட்டுக்கு அனுப்பினால், அதிகப்படித் தொகைக்குப் பாங்கியே 20 சதவீதம் வரி வசூலித்துவிடும். கணவர் ஒருவரே எல்லாவற்றையும் அனுப்பினால் ஒன்றரை லட்சம் பிடித்தம். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், வாடகை முன்பணம் தேட வேண்டிய மாதங்களில் அது கைக்கு வராது. மனைவியின் பணத்தை அவர் பெயரிலேயே வைத்து, இருவரும் தனித்தனியே பத்து லட்சத்துக்குள் அனுப்பினால் அந்தப் பிடித்தமே இல்லை.