விதியின் பேரில் பழி போடலாமா?

மனிதன் சாவதற்குக் காரணம் இரண்டே என்று நம் தோட்டத்து மக்கள் எண்ணுகின்றனர். ஒன்று நோய், மற்றொன்று விதி. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சரிவிலே கவிழ்ந்தாலும் விதி. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவனின் மோட்டார் சைக்கிளை மணல் லாரி மோதித் தள்ளினாலும் விதி. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினவனுக்கும், தேய்ந்த பிரேக்கை மாற்றாத சொந்தக்காரனுக்கும் இதனினும் இனிய சமாதானம் வேறென்ன வேண்டும்? தன் குற்றத்துக்கு இறந்தவனின் தலையெழுத்தையே ஜாமீனாக வைத்துவிட்டு, அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போய் உறங்குகின்றான்.

நாம் அறிந்த ஒரு சம்பவத்தை இங்கு எடுத்துரைப்போம். 2021-ஆம் ஆண்டின் கடைசியிலே, நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர், வயது முப்பத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போன வழியில் லாரி மோதி மாண்டார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் மிஞ்சினர். கருமாதி முடிந்த மறுநாளே லாரிக்காரர் தரப்பில் ஒருவர் வந்து, கோயில் பெரியவர்கள் முன்னிலையில் மூவாயிரம் வெள்ளியை எண்ணி வைத்து, ஒரு தாளில் கைநாட்டுப் பெற்றுப் போனார். "பெரிய மனது" என்று கூடியிருந்தோர் புகழ்ந்தனர். மூன்றாண்டும் சில மாதங்களும் கழிந்தபின் அவ்வம்மாள் அந்தத் தாளின் நகலைக் கொண்டுவந்து நம் மேசையில் வைத்து, "கிராணி ஐயா, பாக்கிப் பணம் எப்போது வரும்?" என்று கேட்டார். பாக்கி என்று ஒன்றுமில்லை என்பதும், இனிக் கேட்பதற்கு வழியும் இல்லை என்பதும் அதில் ஆங்கிலத்திலே எழுதப்பட்டிருந்தன. அதைப் படித்துச் சொல்லும்படி அன்று நம்மை எவரும் அழைக்கவில்லை; நாமாகப் போய்ப் படித்துச் சொல்லவும் இல்லை. அந்த வெட்கத்தினாலேயே இதனை எழுத முன்வந்தோம்.

சட்டம் அவருக்கு எதை வைத்திருந்தது என்பதைப் பார்ப்போம். 1808-இல் இங்கிலாந்தில் ஒரு நீதிபதி, மனிதனின் மரணத்தை நஷ்டமென்று காட்டிச் சிவில் நீதிமன்றத்தில் முறையிட இயலாது என்று தீர்ப்பளித்தார். காலை முறித்தவன் ஈடு கொடுக்க வேண்டும். ஆளையே கொன்றவன் கொடுக்க வேண்டியதில்லை! அங்கு ரயில் பாதைகள் பெருகி விபத்துகளும் பெருகின காலத்திலே, 1846-இல், இந்த அநியாயத்தை நீக்கிச் சட்டம் செய்தார்கள். அவ்வழி வந்ததே நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. பிறருடைய கவனக் குறைவால் ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் ஆதரவிழந்த நஷ்டத்தைக் கேட்கலாம். ஆனால் இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

கணக்கும் மறைபொருளன்று. 2021 செப்டம்பர் முதல் நாள் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, இறந்தவர் 31 முதல் 59 வயதுக்குட்பட்டவராயின், அறுபதிலிருந்து அவர் வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். முப்பத்தைந்து வயதினருக்குப் பன்னிரண்டரை வருஷம். மாதம் 2,000 வெள்ளி சம்பாதித்துத் தன் செலவுக்கு 700 போக 1,300-ஐக் குடும்பத்துக்குக் கொடுத்தவர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 15,600. பன்னிரண்டரை ஆண்டுக்கு 1,95,000 வெள்ளி. துயர ஈடாக மனைவிக்கு 30,000 வெள்ளி வேறு. இறந்தவர் பேரிலும் தவறிருந்தால் அதற்கேற்பக் குறையும் என்பது உண்மை. பாதியாகக் குறைந்தாலுங்கூட, மூவாயிரம் எங்கே, லட்சத்துக்கு மேற்பட்ட அத்தொகை எங்கே?

"பிணத்துக்கு விலை பேசுவதா?" என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். பிணத்துக்கன்று ஐயா, பிள்ளைகளின் சோற்றுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்குமே கணக்குப் பேசுகிறோம். திருவாரூரிலே தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று மாண்டபோது, தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்து முறையிட்டதென்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். தேரோட்டி வந்தவன் அரசகுமாரன். ஆயினும் அப்பசு தலைவிதியென்று தொழுவத்துக்குத் திரும்பவில்லை. ஐந்தறிவுக்கு இருந்த துணிவு ஆறறிவுக்கு இல்லையா?

"லாரிக்காரனும் பிள்ளைகுட்டிக்காரன், அவனைக் கெடுக்கலாமா?" என்பார் சிலர். பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதை இவர்கள் மறந்தார்கள். ஈடு செலுத்துவது பெரும்பாலும் கம்பெனியே. ஏழையின் பேரிலுள்ள இரக்கத்தைக் காட்டிப் பணக்காரக் கம்பெனியைக் காப்பாற்றுவது தர்மமாகாது.

இஃது இவ்வாறிருக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிற்கும் தரகர் கூட்டத்தையும் சொல்லாமல் விட இயலாது. இவர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வென்றால் மூன்றிலொரு பங்கு என்பார்கள். வழக்கின் வெற்றியிலே பங்கு பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் வழக்கறிஞருக்கே தடுத்திருக்கிறது. தரகனுக்கு ஏது உரிமை?

வேலையிலும், வேலைக்குப் போய்வரும் வழியிலும் நேரும் விபத்துக்கு 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் உண்டு. அங்கே குற்றம் யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு மாறாக முதலாளி பேரில் வழக்கிடும் உரிமை பறிக்கப்பட்டது. இறந்தவரின் சராசரித் தினக்கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடும்பத்துக்கு. அதில் ஐந்தில் மூன்று துணைக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு. இதற்கான அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியவர் முதலாளி. எழுத வேண்டியவர் நாம். சகோதரக் கிராணிமாரே, அந்தக் காகிதம் நம் மேசையில் உறங்கினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு உறங்குகிறது!

நம் சமூகத்தின் மேலும் குற்றமுண்டு. 1982 மார்ச் முதல் முஸ்லிமல்லாதோர் திருமணங்கள் பதியப்பட வேண்டும். நாமோ பந்தலுக்கும் மேளத்துக்கும் கடன் வாங்குகிறோம். பதிவுக்கு ஒரு நாள் ஒதுக்குவதில்லை. பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "நீ மனைவிதானா?" என்று கேட்கிறார். பதியாத இந்து மணத்தாளின் கோரிக்கையை 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றதுண்டு. ஆயினும், தாலியறுத்தவள் தாலி கட்டியதை நிரூபிக்க நீதிமன்றப் படியேற வேண்டுமா?

சட்டமும் குறையற்றதன்று. இறந்த வேளையில் உழைத்துச் சம்பாதித்தவருக்கே மேற்கண்ட வருமானக் கணக்கு. படிப்பு முடித்து நாளை வேலைக்குப் போகவிருந்த இளைஞனுக்கு அக்கணக்கில் ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து ஐவருக்குச் சமைத்து, துவைத்து, நோயாளி மாமியாரைப் பார்த்த தாய்க்குச் சம்பளச் சீட்டு இல்லையாதலால் அவள் வருமானம் சூனியம்! இதனை மாற்றும்படி நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் குரலெழுப்ப வேண்டும். தேர்தலுக்கு வரும்போது நாமும் கேட்க வேண்டும்.

அதுகாறும் செய்யத்தக்கவை யாவர்க்கும் எளியன. விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம் இவற்றை ஒரே தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கைநாட்டு வையாதீர்கள். இறந்த நாளைக் காலண்டரில் குறித்து, திதிக்கு மட்டுமன்றி வழக்குக்கும் நாள் எண்ணுங்கள்.

ஆங்கிலம் படித்த நமக்கு ஒரு வார்த்தை. துரைக்குக் கடிதம் எழுதுவதற்கு மட்டுமா நம்மைப் பெற்றோர் பால்மரம் சீவிப் படிக்க வைத்தனர்? அவ்வம்மாள் அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் லயத்துக்குத் திரும்பினார். நம்மை ஒரு வார்த்தை ஏசியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். இனி நம் தோட்டத்திலே எழவு விழுந்த வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் நம் கண்ணில் படாமல் கைநாட்டுப் பெறலாகாது.