அண்ணன் கட்டிய ஆஸ்பத்திரி

என்னைப் பெத்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அன்னைக்கு அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நன்றி கெட்டவன்’ என்று திட்ட வருகிறவர்கள் அந்த வேலையை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் கதையை உருகி உருகிச் சொன்னார்கள். அல்சேஸில் பிறந்தவர். இறையியல், தத்துவம், இசை எல்லாம் கற்றவர். முப்பது வயதில் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு மருத்துவம் படித்தார். 1913இல் மனைவி ஹெலேனோடு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட காபோனுக்குப் போனார். ஒகோவே ஆற்றங்கரையில் லம்பரெனே என்கிற ஊர். பாரிஸ் மிஷன் சங்கத்தின் இடம். ஒரு கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்து வைத்தியம் தொடங்கினார். 1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு கிடைத்தது. கதை முடிந்தது. கும்பிட்டுக்கோ.

நான் ஒண்ணு கேக்குறேன். அந்தக் கொட்டகையில் நோயாளி தன் வலியைத் தன் மொழியில் சொன்னபோது, அது டாக்டருக்கு எப்படிப் புரிஞ்சது?

ஜோசப் அசோவானி இல்லாமல் புரிந்திருக்காது. வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிரெஞ்சு கற்றவர். உள்ளூர் மொழிகள் பல தெரிந்தவர். ஒருத்தருக்குத் தொடை வலி என்றால் ஆட்டுத்தொடைக்கான பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு டாக்டரிடம் சொல்வார். இதைச் சிரிப்புத் துணுக்காக எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் கிடைத்த சொல்லை வைத்தே உடம்பைப் பேசவைத்த மனுஷன் அவர். அறுவைச் சிகிச்சையிலும் கூட நின்றார். ஆஸ்பத்திரியை நிறுவியவர்கள் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை.

1914இல் உலகப்போர் வந்தது. பணவரத்து நின்றது. ஜோசப்பின் மாதச் சம்பளம் 70 பிராங்கிலிருந்து 35 ஆனது. இவ்வளவு குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தன் கௌரவம் இடம் தராது என்று சொல்லிவிட்டு ஜோசப் கிளம்பிவிட்டார். ஷ்வைட்சரே எழுதியிருக்கும் செய்தி இது. கௌரவம்! அந்தச் சொல்லை ஒரு கறுப்புச் சமையற்காரர் வெள்ளை டாக்டரின் முகத்துக்கு நேரே சொன்னார். லம்பரெனேயின் சரித்திரத்தில் நான் எழுந்து நின்று வணங்கும் இடம் இதுதான்.

1921இல் வெளியான தன் புத்தகத்தில் ஷ்வைட்சர் கறுப்பர்களோடுள்ள உறவுக்கு ஒரு சூத்திரம் சொல்கிறார்: நான் உனக்குச் சகோதரன்தான், ஆனால் மூத்த சகோதரன். சினுவா அச்சிபி 1975இல் ஒரு சொற்பொழிவில் இதை எடுத்துவைத்துக் கிழித்தார். சகோதரன் என்பதில் சமத்துவம் இருக்கிறது. முன்னால் ‘மூத்த’ என்று ஒட்டியதும் அது படிநிலையாகிவிடுகிறது. படிநிலையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம்மைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டுக் கடைசிவரைக்கும் தம்பியாகவே வைத்திருந்த சீர்திருத்த அண்ணன்களை நாம் பார்க்காததா?

“உயிரைக் காப்பாத்தினாரே?” காப்பாற்றினார். குடலிறக்கம், சீதபேதி, தூக்க நோய், தொழுநோய் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோயாளிகளில் எத்தனையோ பேர் ஒக்குமே மரம் வெட்டுவதற்காகச் சொந்த ஊரிலிருந்து பெயர்க்கப்பட்ட கூலிகள். மரம் ஐரோப்பாவுக்குப் போனது. காய்ச்சலும் புண்ணும் கூலிக்கு மிஞ்சியது. ஷ்வைட்சருக்கும் இது தெரியும். வெள்ளையர் செய்யும் உதவி தர்மம் இல்லை, செய்த கொடுமைக்குப் பரிகாரம் என்று எழுதியவரும் அவர்தான். அந்த நேர்மையை மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: பரிகாரம் என்றால் அது கடன். கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்று கொடுக்க வேண்டும். திண்ணையில் ஏறி உட்கார்ந்து “நான் அண்ணன்” என்று சொல்ல என்ன உரிமை?

1925இல் பஞ்சமும் சீதபேதியும் வந்து நோயாளிகள் குவிந்ததும், ஆஸ்பத்திரியை ஆற்றோரமாகவே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே காட்டை வெட்டித் திருத்தியவர்களில் நோயாளிகளோடு துணைக்கு வந்த சொந்தக்காரர்களும் உண்டு. அவர்கள் கையும் அஸ்திவாரம்தான்.

காபோன் 1960இல் விடுதலை பெற்றது. ஷ்வைட்சர் 1965இல் லம்பரெனேயிலேயே இறந்தார். ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. நடக்கட்டும், அதை மூடச் சொல்லவில்லை. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்வோம். நன்றி சொல்வதற்காகத் தம்பியாக மாட்டோம். நமது பக்கங்களில் லம்பரெனேயைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜோசப்பிலிருந்து தொடங்குங்கள். அவர் கேட்ட 70 பிராங்கிலிருந்து தொடங்குங்கள்.