பெருநகரத்தின் எல்லையை யார் வரைவது?

உலகத்தில் ஜனத்தொகை மிகுந்த நகரம் எது என்று பள்ளிக்கூடத்துச் சிறுவனைக் கேட்டால், டோக்கியோ என்று தயங்காமல் விடை சொல்வான். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 2018ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கில் டோக்கியோவுக்கு 3 கோடியே 70 லட்சம் ஜனங்களும் முதல் ஸ்தானமும் கொடுக்கப்பட்டிருந்தன. ஜாவாத் தீவிலுள்ள ஜகார்த்தாவுக்கு அக்கணக்கில் ஒரு கோடிக்குச் சற்று அதிகமே. 2025ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அதே ஸ்தாபனத்தார் வெளியிட்ட புதிய கணக்கிலோ, ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் ஜனங்களுடன் ஜகார்த்தா முதலில் நிற்கிறது. வங்காள தேசத்து டாக்கா இரண்டாவது. டோக்கியோ, 3 கோடியே 30 லட்சத்துடன், மூன்றாம் ஸ்தானத்துக்கு இறங்கிவிட்டது.

ஏழு வருஷ காலத்துக்குள் மூன்று கோடி ஜனங்கள் ஜகார்த்தாவில் போய்க் குடியேறினார்களா? டோக்கியோவிலிருந்து நாற்பது லட்சம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்களா? இரண்டும் இல்லை. மனிதர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, அளவுகோல்தான் மாறிற்று. இதைக் கணக்கர்களின் விளையாட்டென்று தள்ளிவிடுவோர் நம்மவருள் பலர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நகரம் எதுவரை என்று வரையும் கோடு கணக்குப் புஸ்தகத்தோடு நிற்பதில்லை. வரி யார் கொடுப்பது, குடிநீர்க் குழாய் எதுவரை செல்வது, சொந்த நிலத்தில் வீடு கட்ட யாருடைய உத்தரவைப் பெறுவது என்பனவும் அந்தக் கோட்டைப் பின்பற்றியே தீர்மானமாகின்றன. ஆகவே தேசங்கள் பலவும் இந்தக் கோட்டை எவ்வெவ்வாறு வரைகின்றன என்று விசாரிப்பது அவசியமாகிறது.

சட்டப்படி ஏற்பட்ட நகர எல்லையையே எடுத்துக்கொண்டால் தகராறு ஒன்றுமில்லை என்று தோன்றும். லண்டனைப் பாருங்கள். பழைய லண்டன் ஸிடி என்பது ஒரு சதுர மைல் அளவுள்ளது. 2021ம் வருஷத்துக் கணக்கில் அங்கே வசிப்போர் ஒன்பதினாயிரம் பேர்கூட இல்லை. கிரேட்டர் லண்டன் என்பதோ 1,572 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 88 லட்சம். இரண்டுக்கும் பெயர் லண்டன்தான். பாரிஸ் நகரசபையின் எல்லை 105 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு நேர்மாறானது சீனாவிலுள்ள சுங்கிங். யுத்த காலத்தில் சியாங் கே-ஷேக்கின் தலைநகராயிருந்த அவ்வூருக்கு இன்று நகரசபை எல்லை சுமார் 82,000 சதுர கிலோமீட்டர்! ஆஸ்திரியா தேசம் முழுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். 2020ம் வருஷத்துக் கணக்கில் அதற்குக் கிடைத்த 3 கோடியே 20 லட்சம் ஜனங்களில், மலைச் சரிவுகளில் பயிரிடும் குடியானவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எல்லையைச் சர்க்கார் எப்படி வரைந்தார்களோ அப்படியே நகரமும் சிறுக்கும், பெருக்கும். ஒப்பிடுவதற்கு இந்த அளவு உதவாது.

நகரம் தன் எல்லையைத் தாண்டிப் பரவி, அண்டை ஊர்களோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு அதற்கொரு பெயரை முதலில் இட்டவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பாட்ரிக் கெட்டீஸ் ஆவார். ‘கானர்பேஷன்’ என்ற பதத்தை அவர் 1915ல் வெளியிட்ட தமது நூலில் பிரயோகித்தார். அவர் சென்னைக்கு அன்னியரல்லர். நகரங்களைப் பற்றிய தமது கண்காட்சியை அவர் இங்கே அனுப்பியபோது, படங்களை ஏற்றிவந்த கப்பலை ‘எம்டன்’ மூழ்கடித்துவிட்டது. மீண்டும் சேகரித்த படங்களைக் கொண்டுதான் 1915ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. சென்னைக் கடற்கரையில் குண்டு வீசிய அதே எம்டன்தான்.

கெட்டீஸ் கண்ணால் கண்டதை அமெரிக்கர்கள் கணக்காக்கினார்கள். 1949ல் அவர்கள் வகுத்து, 1950ம் வருஷத்து சென்ஸஸில் கையாண்ட முறையின் சாரம் இதுவே: ஐம்பதினாயிரம் ஜனங்களுக்குக் குறையாத ஒரு நகரம் நடுவில் இருக்கவேண்டும், அதனுடன் தினசரி வாழ்க்கையால் பிணைக்கப்பட்ட சுற்றுப்புற ஜில்லாக்கள் எல்லாம் அந்நகரத்தைச் சேர்ந்தவை. இப்போது அமலிலுள்ள விதிப்படி, ஒரு ஜில்லாவிலிருந்து வேலைக்குச் செல்வோரில் நூற்றுக்கு 25 பேர் நடு நகரத்து ஜில்லாக்களுக்குப் போய்வந்தால், அந்த ஜில்லா உள்ளே சேரும். வீடுகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதைப் பார்க்கிலும், காலையில் மனிதன் எங்கே போகிறான் என்று கேட்பது புத்திசாலித்தனமான கேள்வியே. ஆயினும் கூட்டும் அலகு ஜில்லாவாக இருப்பதால் விபரீதமும் உண்டாகிறது. காலிபோர்னியாவில் ரிவர்ஸைடு, ஸான் பெர்னார்டினோ என்ற இரு ஜில்லாக்கள் சேர்ந்து ஒரே பெருநகரப் பிரதேசம். அதன் விஸ்தீரணம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி, ஈ காக்கையில்லாத மொஹாவே பாலைவனம்.

நூற்றுக்கு 25 என்பது வேதவாக்கு அன்று. கனடாவில் 50 கேட்கிறார்கள். பிரான்ஸில் 40 என்று வைத்திருந்து, 2020ல் 15க்கு இறக்கிவிட்டார்கள். ஜப்பானியர், குடிஜனங்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் வேலைக்கோ படிப்புக்கோ நடு நகரத்துக்கு வந்துபோனால் போதும் என்கிறார்கள். ஒரு சதவிகிதத்தைத் தளர்த்தினால் நகரம் வளர்கிறது, இறுக்கினால் தேய்கிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்போருக்கு 2021ம் வருஷத்து அமெரிக்கச் சம்பவம் பதில் சொல்லும். நடு நகரத்துக்கு ஐம்பதினாயிரம் பேர் போதுமென்று விதித்த காலத்தில் இருந்ததைவிட அத்தேசத்தின் ஜனத்தொகை இரு மடங்குக்கு மேலாகிவிட்டபடியால், எல்லையை ஒரு லட்சமாக உயர்த்தலாம் என்று அவர்களுடைய பட்ஜெட் காரியாலயத்தார் யோசனை வெளியிட்டனர். அப்படிச் செய்தால் 144 ஊர்கள் பெருநகர அந்தஸ்தை இழக்க நேரும். உடனே நகரத் தலைவர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் எதிர்த்தெழுந்தனர். வீட்டு வசதிக்கும் போக்குவரத்துக்கும் வரும் மான்யங்களும், ஆஸ்பத்திரிகளுக்கு அளிக்கும் கட்டண விகிதங்களும் இந்த ஜாபிதாவை ஒட்டியவை. புள்ளிவிவரத்துக்காகவே வகுத்தோம், மான்யத்துக்காக அல்ல என்று காரியாலயத்தார் நெடுங்காலம் சொல்லிவந்தும் பயனில்லை. அவ்வருஷம் ஜூலை மாதத்திலேயே யோசனை கைவிடப்பட்டது. ஐம்பதினாயிரமே நிலைத்தது.

இனி, ஜகார்த்தாவை முதலிடத்துக்கு உயர்த்திய புதிய அளவுகோலைப் பார்ப்போம். ஒவ்வொரு தேசமும் தான் நகரம் என்று சொன்னதையே நகரமாக வாங்கிக் கணக்கிட்டு வந்ததால் ஒப்பிட முடியாமற் போயிற்று. அதைத் தவிர்க்க, ஐரோப்பிய யூனியனும் உலக பாங்கியும் வேறு சில சர்வதேச ஸ்தாபனங்களும் கூடி ஒரு முறையை வகுத்தன. ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவரக் கமிஷன் 2020ல் அதை ஏற்றது. இதன்படி பூமி முழுவதும் பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. கட்டமொன்றுக்கு 1,500 பேராவது வசிக்கவேண்டும். அத்தகைய கட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, மொத்தம் ஐம்பதினாயிரம் பேரைக் கொண்டிருந்தால் அது நகரம். ஜில்லா எல்லையும் நகரசபை எல்லையும் இங்கே கணக்கில்லை.

முறை நடுநிலையானது, ஒரே கோலால் எல்லாரையும் அளக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஜாவாவின் நெல் வயல்களுக்கிடையே ஊர்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதை அறிந்தவர்கள், அங்கே கட்டங்கள் எவ்வளவு தூரம் தொட்டுக்கொண்டே போகும் என்பதையும் அறிவார்கள். கிராமமும் நகரமும் கலந்த அப்பிரதேசங்களைக் குறிக்க, அந்நாட்டு மொழியிலேயே ‘தேசாகோத்தா’ என்ற பெயர் பூகோள ஆராய்ச்சியில் வழங்குகிறது. தேசா என்றால் கிராமம், கோத்தா என்றால் நகரம். சுமார் 660 சதுர கிலோமீட்டர் கொண்ட ஜகார்த்தாத் தலைநகரப் பிரதேசத்தில் வசிப்பவர்கள் ஒரு கோடிப் பேர்தான். மற்ற மூன்று கோடிப் பேரும் போகோர், தேபோக், தாங்கராங், பெக்காசி முதலிய அண்டைப் பகுதிகளில், வேறு வேறு அதிகாரிகளின் கீழ் இருக்கிறவர்கள். ஆகாயத்திலிருந்து பார்க்கிற சாட்டிலைட்டுக்கு ஒரே நகரம். மனுக் கொடுக்கப் போகும் குடிமகனுக்கோ அது ஐந்தாறு ஊர்.

நம் தேசத்துக்கு வருவோம். இந்திய சென்ஸஸில் சட்டப்படியான பட்டணம் ஒரு வகை. கணக்குக்காக மட்டும் பட்டணம் எனப்படுவது மற்றொரு வகை. பின்னதற்கு ஐயாயிரம் ஜனங்களும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கமும் வேண்டும். அத்துடன் பிரதானமாக உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயமல்லாத தொழில் செய்யவேண்டும். ஆண்களில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பீடி சுற்றிப் பிழைத்தாலும், அவர்கள் உழைப்பால் அவ்வூர் பட்டணமாவதில்லை. 2001ல் 1,362 ஆக இருந்த இந்தக் கணக்குப் பட்டணங்கள் 2011ல் ஏறக்குறைய 3,900 ஆகப் பெருகிவிட்டன. இவற்றில் நகரசபை கிடையாது. ஆளுவது கிராமப் பஞ்சாயத்தே. சாக்கடையும் குப்பையும் பட்டணத்தினுடையவை, வருமானம் கிராமத்தினுடையது!

டில்லியின் கதை இன்னும் விசித்திரமானது. ஒட்டி வளர்ந்த நகரத் தொகுதியானாலும் ராஜ்ய எல்லையைத் தாண்டக்கூடாது என்பது நம் சென்ஸஸ் வழக்கம். ஆகவே 2011ல் டில்லித் தொகுதிக்கு 1 கோடியே 63 லட்சம் என்றும், பம்பாய்க்கு 1 கோடியே 84 லட்சம் என்றும் கணக்காகி, பம்பாய் முதலாயிற்று. காஜியாபாத், பரீதாபாத், குர்காவ், நொய்டா ஆகியவை டில்லியுடன் தொடர்ந்து கிடப்பதைக் கண்ணுள்ளவர் எவரும் காணலாம். அவற்றைக் கூட்டினால் டில்லி 2 கோடியைத் தாண்டி முன்னே நிற்கும். இது ஒரு பக்கம். மறு பக்கத்தில், 1985ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட தேசீயத் தலைநகர் வட்டாரமோ ராஜஸ்தானத்து ஆல்வார் வரை சென்று, சுமார் 55,000 சதுர கிலோமீட்டரை விழுங்கியிருக்கிறது. கடன் வசதி கருதி அதில் சேர விரும்பியவர்கள் பலர். பழைய மோட்டார் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, சில ஜில்லாக்களை விலக்கிக்கொள்ள ஹரியானா சர்க்காரே விரும்பிற்று.

சென்னைவாசிகள் நகைக்க வேண்டாம். 2011ம் வருஷத்துக் கணக்கில் சென்னைக் கார்ப்பொரேஷனின் ஜனத்தொகை 46 லட்சத்துச் சொச்சமே. மத்திய சர்க்கார் சிப்பந்திகளின் வீட்டு வாடகைப் படிக்கு முதல் வகுப்பு நகரமாக வேண்டுமானால் ஐம்பது லட்சம் வேண்டும். ஆவடியும் அம்பத்தூரும் தாம்பரமும் சேர்ந்த தொகுதிக்கு 86 லட்சம் கிடைத்ததால்தான் நகரம் அந்த வகுப்பில் நிற்கிறது. புறநகர்களை வெறும் வால் என்று கருதும் நகரவாசிகள் இதை நினைவில் வைக்கலாம்.

நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த சென்னைப் பெருநகரப் பிரதேசம், 2022ம் வருஷம் அக்டோபரில் வந்த உத்தரவினால் 5,904 சதுர கிலோமீட்டராயிற்று. திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களின் பகுதிகளுடன் அரக்கோணமும் உள்ளே வந்துவிட்டது. விஸ்தரிப்பைக் கண்டிப்பது நம் நோக்கமன்று. ஏரியும் ஆறும் ரயிலும் கார்ப்பொரேஷன் எல்லையை மதிப்பதில்லை. செம்பரம்பாக்கத்தின் வெள்ளம் 2015ல் அதை நன்கு நிரூபித்தது. நம் ஆட்சேபம் வேறு. எந்தக் கணக்கின் பேரில் இந்தக் கோடு வரையப்பட்டது? அரக்கோணத்திலிருந்து நாள்தோறும் எத்தனை பேர் சென்னைக்கு வேலைக்கு வருகிறார்கள் என்று சொல்லவல்ல சர்க்கார் ஜாபிதா ஒன்றுண்டா? 2011ம் வருஷத்து சென்ஸஸில், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறாய், எந்த வாகனத்தில் போகிறாய் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. தூரம் தெரிந்து திசை தெரியாத கணக்கைக் கொண்டு எந்தப் பெருநகரத்தின் எல்லையையும் நிர்ணயிக்க முடியாது. 2027ம் வருஷம் மார்ச்சு 1ந் தேதியை ஆதாரமாகக் கொள்வதென்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட கணக்கில், வேலை செய்யும் ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும். அதன் விடைகள் ஊர்வாரியாக அச்சிடப்படவும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது பிரதிநிதித்துவம். 1992ம் வருஷத்து 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பத்து லட்சம் ஜனங்களுக்குக் குறையாமலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகரசபைகளோ பஞ்சாயத்துக்களோ கொண்டதாகவும் உள்ள பிரதேசத்தைப் பெருநகரப் பிரதேசம் என்று கவர்னர் விளம்பரப்படுத்தலாம் என்கிறது. அங்ஙனம் விளம்பரமான ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு திட்டக் கமிட்டி இருக்கவேண்டும். அதன் அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை, நகரசபை அங்கத்தினர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்தே, ஜனத்தொகை விகிதப்படி தேர்ந்தெடுக்கவேண்டும். சட்டம் படித்தவர்களுக்கு இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘வேண்டும்’ என்றே எழுதியிருக்கிறது. கல்கத்தாவில் 2001ல் இக்கமிட்டி ஏற்பட்டது. தேசத்தின் பல பெருநகரங்களிலோ இந்த ஷரத்து ஏட்டோடு நின்றுவிட்டது. சென்னையில் நிலத்தின் உபயோகத்தைத் தீர்மானிப்பது பெருநகர வளர்ச்சிக் குழுமம். இத்திருத்தத்துக்கு இருபது வருஷங்களுக்கு முன் பிறந்த அந்த ஸ்தாபனத்தில் அதிகாரிகளே மிகுதி. எல்லைக்கு வெளியே இருந்தவரை ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்குத் தம் ஊர் நிலத்தைப் பற்றிக் கொஞ்சமாவது வாக்கு இருந்தது. உள்ளே வந்தபின் அவர் மனுதாரராகிறார்.

ஆகையால் சர்க்காரை நாம் கேட்பது இதுதான். விஸ்தரிக்கப்பட்ட பிரதேசத்துக்குப் புதிய மாஸ்டர் பிளான் இறுதியாவதற்குமுன் அரசியல் சட்டம் கூறும் கமிட்டி முறைப்படி கூட்டப்படவேண்டும். புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு அதில் எத்தனை ஸ்தானங்கள், எந்த ஜனத்தொகைக் கணக்கின்படி என்ற விவரம் கெஜட்டில் வெளியாகவேண்டும். பிளானின் நகல் தமிழில் ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் வைக்கப்பட்டு, ஆட்சேபங்களுக்குப் போதிய அவகாசம் தரப்படவேண்டும்.