பதிவேட்டில் இல்லாத வீடுகள்

ரமலான் நெருங்கும்போது நம் மஹல்லாக்களில் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. ஸகாத் யாருக்கு, பித்ரா யாருக்கு என்பதை முடிவு செய்யும் பட்டியல் அது. ஆத்தூரில் மட்டுமன்று, இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றிலும் அது தயாராகும் முறை ஏறக்குறைய ஒன்றே. சென்ற ஆண்டுப் பட்டியலை எடுக்கிறோம். மவ்த்தானவர்களின் பெயரை அடிக்கிறோம். நிர்வாகிகளுக்குத் தெரிந்த நாலைந்து பெயர்களைச் சேர்க்கிறோம். வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. கேட்காதவர்களுக்கு?

கேட்பதற்கு நாணி ஒதுங்கியிருக்கும் ஏழைகளைப் பற்றி சூரா அல்பகராவின் 273ஆம் வசனம் பேசுகிறது. அவர்களின் தன்மானத்தைக் கண்டு, நிலைமை அறியாதவர் அவர்களைச் செல்வந்தர்கள் என்று எண்ணிவிடுவார் என்கிறது. இவ்வசனத்தைக் குத்பாக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் வரும் 'அறியாதவர்' நாம்தாம் என்று மட்டும் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் ஜமாஅத் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். சந்தா செலுத்தும் ஆண்களின் பெயர்கள் இருக்கும். நிகாஹ் பதிவுகள் இருக்கும். மணமுடித்த பெண் மூன்றாண்டில் கைக்குழந்தையுடன் தாய்வீடு திரும்பியது அதில் இராது. எட்டாம் வகுப்போடு நின்று இருசக்கர வாகனப் பட்டறைக்குப் போன பையன் இரான். ஜவ்வரிசி ஆலைக்குக் கூலிக்குப் போகும் விதவை, அவர் பெயரில் சந்தா இல்லாததால், பதிவேட்டைப் பொறுத்தவரை இந்த ஊரிலேயே இல்லை.

வட்டியை எடுத்துக்கொள்வோம். வட்டி ஹராம் என்று மிம்பரிலிருந்து முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால் வாரந்தோறும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடி, குழுக்கடனுக்குத் தவணை கட்டும் நம் பெண்கள் எத்தனை பேர்? எதற்காக வாங்கினார்கள்? மருத்துவத்துக்கா, மகளின் நகைக்கா, முந்தைய கடனை அடைக்கவா? காரணம் நகை என்றால் நாம் பேச வேண்டியது மாப்பிள்ளை வீட்டாரிடம். மருத்துவம் என்றால் பைத்துல்மாலைத் திறக்க வேண்டும். பழைய கடன் என்றால் வட்டியில்லாக் கடனுதவி தேவை. நோய் எது என்று கேளாமலே ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவருகிறோம், அதுவும் கண்டனம் என்னும் மருந்தை.

இவ்வாறு வீடு வீடாகச் சென்று முறையாகக் கேட்டு, பதிந்து, காரணங்களைத் தேடும் கல்விக்குத்தான் சமூகவியல் என்று பெயர். இதைச் சொன்னவுடன் மேற்கத்தியச் சரக்கு என்று முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும், 1,500 பேரை எழுதியதையும் ஹுதைஃபா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மதீனாவில் அன்று எடுக்கப்பட்டது கணக்கெடுப்பன்றி வேறென்ன?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பொதுநிதியிலிருந்து உதவித்தொகை என்று அவர் விதித்திருந்தார். ஓர் இரவு ஒரு குழந்தை ஓயாமல் அழுவது கேட்டு, தாயிடம் காரணம் வினவினார். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், உதவித்தொகை கிடைப்பதற்காகப் பாலை முன்கூட்டியே நிறுத்துவதாகச் சொன்னார். தம் விதியே பிஞ்சுகளை வதைக்கிறது என்று உணர்ந்த உமர், பிறந்த நாள் முதலே உதவித்தொகை என்று மாற்றினார். நல்ல நோக்கத்தோடு போட்ட விதி மக்கள் வாழ்வில் என்ன செய்கிறது என்று நேரில் சென்று விசாரித்து, தவறெனக் கண்டதும் திருத்திக்கொள்வது: இந்தத் துறையின் சாரமே அதுதான். நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சமூகப் பிணைப்பைக் கொண்டு விளக்கிய இப்னு கல்தூன் தம் முகத்திமாவை 1377இல் எழுதி முடித்தார். ஐரோப்பாவில் சமூகவியல் என்ற சொல் பிறக்க இன்னும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

கணக்கின் வலிமையை நாம் அறியாதவர்களும் அல்லர். முஸ்லிம்கள் தாஜா செய்யப்படுகிறார்கள் என்ற பல்லாண்டுப் பழிக்கு விடை கூறியது எந்த மேடைப் பேச்சும் அன்று. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை. தமிழ்நாட்டில் 2007இல் கிடைத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்தே வந்தது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் தக்கனி, லெப்பை, தூதேகுலா, ஷேக் என ஏழு பிரிவுகள் உள்ளன. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் பயனடைந்தார்கள், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் ஜமாஅத் கூட்டங்களில் கேட்டதுண்டா? 2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரி 73.5 என்ற ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு பெருமிதத்தில் உறங்கிவிட்டோம். கையெழுத்துப் போடத் தெரிவதும் கல்லூரியை முடிப்பதும் ஒன்றல்ல.

நம்மை நாம் ஆராயாதபோது பிறர் ஆராய்ந்தார்கள். பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டவர் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர். நம் வீடுகளுக்குள் நடப்பதைத் தோப்பில் முஹம்மது மீரானும் சல்மாவும் நாவல்களாக எழுதியபோது, மிகை என்றும் அவதூறு என்றும் சினந்தோர் பலர். மிகை என்றால் அதை மறுப்பதற்கு நம்மிடம் ஓர் ஆய்வாவது இருந்திருக்க வேண்டாமா?

ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைக்கப்பட்டபோது நாம் வருந்தினோம். பெண்களின் துயரைப் பெண்களிடமே கேட்டறியும் ஆய்வாளர்கள் அம்மண்ணில் இனி எங்கிருந்து உருவாவார்கள்? நம் ஊரில் எந்தத் தடையும் இல்லை. சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. ஆத்தூரிலிருந்து பேருந்தில் சென்று வரலாம். இருந்தும் சமூகவியல் படிக்கிறேன் என்று ஒரு மகள் சொன்னால், அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறோம். பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் உதவும் கரங்கள் இப்படிப்புக்கு நீளுவதில்லை.

ஓர் எதிர்வாதத்தை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணக்கெடுத்தால் அது நமக்கு எதிராகவே திரும்பும் என்ற அச்சம். குடியுரிமைச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்த மாதங்களில், தாளும் பேனாவுமாக வந்த எவரையும் நம் தெருக்கள் ஐயத்தோடு பார்த்தன. அந்த ஐயம் நியாயமானது. அதனால்தான் கேட்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்கிறோம். வீட்டுக்கு எண் மட்டும் இட்டு, பெயர்ப்பட்டியலைத் தனியே பூட்டி வைக்கலாம். கடனும் தலாக்கும் நோயும் பற்றிய பதில்களை ஜமாஅத் நிர்வாகிகளின் கண்ணிலும் படாமல் காக்கலாம், காக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் பள்ளிவாசல் திண்ணைப் பேச்சாக மாறுமானால், அந்த ஆய்வைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பைத்துல்மால்கள் ஆண்டுக்கு இரு மாணவிகளுக்கேனும் சமூகவியல் முதுகலைக் கட்டணத்தை ஏற்கட்டும். அவர்களின் ஆய்வேட்டுக்கு நம் மஹல்லாவே களமாகட்டும். பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குள் நுழைந்து, அமர்ந்து, தேநீர் குடித்துவிட்டுக் கேட்க அவர்களால்தான் முடியும். மதரஸாவில் ஓதும் இளம் ஆலிம்களும் அவர்கள் தொகுப்பதைப் படிக்கட்டும். அடுத்த ஆண்டு வட்டியைப் பற்றிக் குத்பா தயாரிக்கும்போது, தாம் யாரிடம் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வாண்டுப் பட்டியலுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஷஅபான் பிறந்ததும், தெருவுக்கு இரண்டு பெண்கள் வீதம், பழைய பட்டியலைக் கையில் எடுக்காமல் வெறும் நோட்டுடன் முதல் வீட்டிலிருந்து தொடங்கலாம். சந்தா பாக்கியைப் பற்றி மட்டும் எந்த வீட்டிலும் கேட்க வேண்டாம்.