தூங்கும் கணக்கு

ஆனேக்கல் தாலுகாவின் ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் கம்பெனி மாறும் தொழிலாளிக்கு மிஞ்சுவது பழைய சம்பளக் கணக்கு. சம்பளம் நின்றதும் பல வங்கிகள் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக்கிவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதமும் விதிக்கலாம்.

இருப்பே தேவைப்படாத 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' இவர்களுக்குத் தோதானது. மாதம் நான்கு முறையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். பழைய கணக்கையே இப்படி மாற்றித்தரச் சொல்லலாம். (கேட்டால்தான் கிடைக்கும்.) தபால் நிலையத்தில் வட்டி 4 சதவீதம், ஆனால் 500 ரூபாய் இருப்பு வேண்டும்.

அதற்காக அடியோடு மறந்துவிடவும் முடியாது. இரண்டு ஆண்டுகள் போடாமல் எடுக்காமல் விட்டால் வங்கிக் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தால், 2014இல் ஏற்பட்ட ரிசர்வ் வங்கி நிதிக்குப் பணம் போய்விடும். பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம், அப்படியொரு கணக்கு இருந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தால்.