பெட்டை நாயின் வயிற்றைக் கீறிச் சினைப்படுத்தல் அவசியமா?

நாய்களைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். ஆயினும் களத்தையும் பட்டியையும் இரவு முழுவதும் காத்து நிற்பது நாயே ஆகையால், அதுவும் குடியானவனுடைய செல்வத்தில் சேர்ந்ததே என்பதை மறுப்பாரில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய ஜாதி நாய்களை வம்சம் கெடாமல் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் நம் பக்கத்தில் உண்டு. பசுவுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடுவது கிராமங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டபடியால், நாய்க்கும் அவ்வாறு செய்யலாகாதோ என்று அவர்கள் கேட்பது இயல்பே. செய்யலாம். ஆனால் இதற்கென்று மேல்நாடுகளில் கையாளப்பட்டு வந்துள்ள முறைகளுள் ஒன்றாகிய, பெட்டையின் வயிற்றைக் கீறிக் கருப்பையில் விந்தைச் செலுத்தும் முறை, நாம் மேற்கொள்ளத் தக்கதன்று என்பது எமது அபிப்பிராயம்.

செயற்கைச் சினைப்படுத்தலின் சரித்திரமே நாயிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். இத்தாலி தேசத்துப் பாதிரியாரும் சாஸ்திரியுமான ஸ்பல்லன்சானி என்பவர் 1780-ஆம் ஆண்டில் ஒரு பெட்டை நாயைத் தனியே அடைத்து வைத்து, பருவத்துக்கு வந்தபின் ஆண் நாயின் விந்தைப் பீச்சாங்குழல் கொண்டு அதன் உட்செலுத்தினார். அது 62 நாட்களில் மூன்று குட்டிகளை ஈன்றது. அவர் கத்தியைத் தொடவேயில்லை. பிற்காலத்தில் விந்தைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாக்கும் வித்தை பரவி, அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டில் உறைவிந்தினால் நாய்க்குட்டிகள் பிறந்ததாக வெளியிட்டார்கள். கத்தி புகுந்தது இதன் பின்னர்தான்.

அதற்குக் காரணம் உண்டு. புதிதாக எடுத்த விந்து பெட்டையின் உடலில் ஐந்தாறு நாள் வரை உயிருடன் இருக்கும். உறையவைத்து உருக்கியதோ ஒரு நாள் தாங்குவதும் அரிது. ஆகவே அதைப் பெண்குறியின் வாயிலில் விட்டால் போதாது, கருப்பைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். பசுவின் விஷயத்தில் இது கஷ்டமன்று. ஆசனவாய் வழியே கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் குழலைச் செலுத்துவதை நம் குடியானவர்கள் எத்தனையோ தடவை கண்டிருக்கிறார்கள். நாயின் உடலிலோ கை புக இடமில்லை. உள்வழியும் நீண்டு குறுகியது. அதன் முடிவில் கருப்பை வாய் சாய்ந்து நிற்கும். இவ்வழி கடினமென்று கண்ட சிலர், பெட்டைக்கு மயக்க மருந்து கொடுத்து, அடிவயிற்றைக் கீறி, கருப்பையை வெளியே எடுத்து, ஊசியால் விந்தை ஏற்றித் தையல் போட்டார்கள்.

இம்முறையில் சினை பிடிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. திறந்து பார்க்கையில் கருப்பையிலுள்ள நோயும் கண்ணுக்குப் படும் என்று இதை ஆதரிப்போர் சொல்லுகிறார்கள். அதுவும் மெய்யே. நோயுள்ள பெட்டைக்கு வைத்தியமாக வயிற்றைத் திறப்பது வேறு; நோயற்ற பெட்டையை, அதன் எஜமானுக்குக் குட்டி வேண்டும் என்பதற்காக மட்டும், மயக்கத்துக்கும் ரண சிகிச்சைக்கும் உட்படுத்துவது வேறு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம், வைத்தியத்துக்காகவன்றிப் பிராணிகளின் அங்கங்களைக் கீறுவதைத் தடுத்து, சிலவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. நாயைக் கீறிச் சினைப்படுத்துவது அவ்விலக்கில் சேராது என்பதே அந்நாட்டுக் கால்நடை வைத்திய சபையார் கொண்ட கருத்து. நார்வே, ஸ்வீடன் நாடுகளிலும் வைத்தியர்கள் இதை ஒழுங்கற்ற காரியமென்று தள்ளினார்கள். அமெரிக்காவிலோ இது தாராளமாக வழங்கியது.

தள்ளியவர்கள் வெறுங்கையாக நிற்கவில்லை என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். நார்வே வைத்தியர்கள் ஒரு மெல்லிய உலோகக் குழலை அமைத்தார்கள். பெட்டை நின்றபடி இருக்க, வைத்தியர் ஒரு கையால் வயிற்றின் மேலிருந்தே கருப்பை வாயைத் தடவிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அக்குழலை உட்புகுத்துவார். மயக்கம் வேண்டுவதில்லை, மிரளும் நாய்க்குச் சிறிது சாந்தப்படுத்தும் மருந்து போதும். பின்னர் நியூஸிலாந்தில், விளக்குப் பொருத்திய உள்நோக்குக் குழலால் கருப்பை வாயைக் கண்ணாலேயே பார்த்துச் செலுத்தும் முறையும் வந்தது. கைப்பழக்கம் வரச் சில காலம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் வைத்தியர் பழகுவதற்குச் சோம்பினால் அதன் பலனை நாய் ஏன் வயிற்றில் சுமக்க வேண்டும்?

எம்முறையாயினும் நாள் தவறினால் வீணே. இதைத்தான் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பருவத்தின் இரத்தக் கசிவு கண்ட பத்தாம் நாளில் ஆணிடம் விடுவது பழைய வழக்கம். பல பெட்டைகளுக்கு அது பொருந்தும். சிலவற்றுக்கு ஐந்தாறு நாளிலேயே முட்டை வெளிப்படும். சிலவற்றுக்கு இருபது நாளும் கடந்துவிடும். மேலும் நாயின் முட்டை வெளிப்பட்டவுடன் கருத்தரிக்கத் தக்கதன்று. அது முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் செல்லும். இதை அறிய ஒரு வழி உண்டு. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர், மில்லி லிட்டருக்குச் சுமார் 5 நானோகிராம் அளவுக்கு உயரும் சமயத்தில் முட்டை வெளிப்படும். இரண்டு நாளுக்கொரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் நாளைத் துல்லியமாகக் கணிக்கலாம். மலடென்று ஒதுக்கப்பட்ட பெட்டைகளில் பல, நாள் தவறிச் சேர்க்கப்பட்டவையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கையாகச் சேரவும் ஈனவும் இயலாத ஜாதிகளை மனிதனே உண்டாக்கியிருக்கிறான். இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று ஜாதிகளிலும் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட ஈற்றுகள் வயிற்றைக் கீறியே நடந்தன என்று கண்டார்கள். சினைக்கு ஒரு கீறல், ஈற்றுக்கு ஒரு கீறல்! நம் வேட்டை நாய்களுக்கு இக்கேடு வரவில்லை. ஆணை ஏற்க மறுக்கும் பெட்டையையும், ஏறத் தெரியாத ஆணையும் குழலின் உதவியால் வம்சத்தில் நிறுத்தினால் வருவதற்குத் தடையுமில்லை.

உறைவிந்தை முற்றும் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா முத்திரைத் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. ஆனால் தலைச்சீட்டில் நிற்பதால் வம்சம் நில்லாது. நல்ல ஆண்களின் விந்தைச் சேமித்து வைத்தால், தூரத்திலுள்ள பெட்டைகளுக்கும் உதவும். உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வரும் குறையும் தணியும். அதற்குப் பல ஆண்களிடமிருந்து எடுக்க வேண்டும். பேர்போன ஒரே ஆணின் விந்தை ஊரெங்கும் பரப்பினால், அதனிடம் மறைந்துள்ள குறையும் ஊரெங்கும் பரவும். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு தோன்றுவதுண்டு ஆகையால், இராஜபாளையத்தார் இதில் விசேஷ எச்சரிக்கையாய் இருத்தல் நலம்.

பெட்டையில் முதற்கசிவு கண்ட தேதியைக் குறித்து வைத்து, ஐந்தாம் நாளிலேயே இரத்தப் பரிசோதனைக்குக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். முந்திய பருவங்களின் தேதிகளும், ஈன்ற குட்டிகளின் கணக்கும், செவிடாய்ப் பிறந்தவை இருந்தால் அவற்றின் தாய் தகப்பன் விவரமும் எழுதிய குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லவும்.